கம்மந்தான் கான் சாகிபு

கல்விக்கெனத் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தியுள்ள சங்கத்தின் வெள்ளி விழா மலரில், வாளேந்திய ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இதற்கு நாம் கூறும் விடை இது: நிலமும் குலப்பெருமையும் உறவினர் துணையும் இல்லாத ஒருவர், கற்றுக்கொண்ட தொழிலையும் மொழிகளையும் முதலாகக் கொண்டு எவ்வளவு உயரம் ஏறினார், அந்த உயரத்தில் அவரை நிற்கவிடாமல் தள்ளியவர் யார், தள்ளுவதற்கு அவரே எவ்வாறு இடங்கொடுத்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். மன்னர் மரபில் வந்தவர்களின் வரலாறுகளில் இச்செய்தி கிடைப்பதில்லை.

நாம் கூற எடுத்துக்கொண்டவர் முகம்மது யூசுப் கான். கம்மந்தான் கான் சாகிபு என்று மதுரைச் சீமை மக்கள் அவரை அழைத்தனர். மருதநாயகம் என்பது அவருடைய பழைய பெயர். 1997ஆம் ஆண்டு பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பெற்று முடிவு பெறாமல் நின்றுபோன திரைப்படத்தால் இப்பெயரை மட்டும் இன்றைய இளைஞர் பலர் அறிவர். படம் வராமற்போனதில் நமக்கு வருத்தமில்லை. பெயர் தெரிந்தவர்கள் வரலாற்றையும் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நம் விருப்பம்.

அவர் 1725ஆம் ஆண்டையொட்டி இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில் பிறந்தார் என்பர். இந்துவாகப் பிறந்து இளமையிலேயே இசுலாத்தைத் தழுவினார். அவரை வேளாளர் என்று பலர் எழுதியுள்ளனர். வேறு சமூகத்தாரும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவதுண்டு. உயர்ந்துவிட்ட ஒருவருக்குச் சுற்றத்தார் பெருகுவது உலக வழக்கமாதலின், நாம் அந்த வழக்கில் இன்னொரு வாதியாகச் சேர விரும்பவில்லை. அவர் வீட்டைவிட்டு வெளியேறி, வெள்ளையரிடம் ஏவலராயிருந்து, பின்னர்ச் சிப்பாயாகி, நெல்லூர் வரை சென்று படையில் சிறுபதவி பெற்றார் என்று மரபுச் செய்திகள் கூறுகின்றன. ஏவல் செய்த இடங்களில் எல்லாம் அவர் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தார் என்பதற்கு ஐயமில்லை. தமிழோடு ஆங்கிலமும் பிரெஞ்சும் போர்ச்சுகீசியமும் இந்துஸ்தானியும் அவருக்குப் பழக்கமாயின என்பர். பிற்காலத்தில் வெள்ளைத் தளபதியோடும் பாளையக்காரரோடும் வணிகரோடும் துபாசியின் துணையின்றிப் பேசவல்லவராய் அவர் இருந்தமைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. இந்த மொழியறிவே ஒருமுறை அவருடைய உயிரைக் குறிவைத்த பகையையும் கொணர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அந்நாளில் கருநாடகம் என்று வழங்கிய தமிழ்நாட்டின் பெரும்பகுதியை ஆர்க்காட்டு நவாபு ஆண்டுவந்தார். 1749ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். அவருடைய மகன் முகம்மது அலி ஒருபுறமும், பழைய நவாபு குடும்பத்தில் மணம் செய்துகொண்டிருந்த சந்தா சாகிபு மறுபுறமும் நின்று நாட்டுக்குப் போட்டியிட்டனர். ஒரே நாட்டார் இருகூறாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட உள்நாட்டுப் போர் அது. பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபுக்கும் ஆங்கிலேயர் முகம்மது அலிக்கும் துணை நின்றனர். இரு தரப்புக்கும் பட்டாளத்தில் நின்று மாண்டவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு ஏழை மக்கள். உழுத நிலம் பாழாக, கூலியும் இல்லாத நிலையில், சிப்பாய் வேலை ஒன்றே சோறு போடும் தொழிலாயிற்று.

1751இல் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். முற்றுகையைத் திசைதிருப்பக் கிளைவு ஆர்க்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் தாங்கி நின்ற செய்தி பள்ளிப் பாடநூல்களில் உள்ளது. 1752இல் காவேரிப்பாக்கம் போர் நிகழ்ந்த காலத்தையொட்டி, தாம் திரட்டிய வீரர் கூட்டத்துடன் யூசுப் கான் கிளைவின் படையில் சேர்ந்தார். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்னும் தளபதி சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து வந்தார். வரிசையில் நிற்பது, கட்டளைக்குக் காத்திருப்பது, ஒருசேரச் சுடுவது, சுட்டபின் ஓடாமல் நின்று மறுபடியும் மருந்து கெட்டிப்பது ஆகியவையே அப்பயிற்சியின் சாரம். நம் நாட்டு வீரர்க்கு வீரம் குறைவாயிருந்ததில்லை, ஒழுங்குதான் குறைவாயிருந்தது. யூசுப் கான் அந்த ஒழுங்கை விரைவாகக் கற்றுத் தம் வீரருக்கும் கற்பித்தார்.

சந்தா சாகிபு 1752 ஜூனில் கொல்லப்பட்டார். ஆயினும் போர் ஓயவில்லை. முதலில் முகம்மது அலிக்குத் துணைவந்த மைசூர்த் தளவாய் நஞ்சராஜர், தமக்குத் தருவதாகச் சொன்ன திருச்சிராப்பள்ளி தரப்படாமையால் பகைவராகி, பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து அந்நகரை வளைத்தார். மலைக்கோட்டையைச் சுற்றி ஈராண்டுக்கு மேல் நடந்த இப்போரில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது பீரங்கியன்று, அரிசி மூட்டை. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து காட்டுவழியாகவும் இரவு நேரத்திலும் தானியம் ஏற்றிய மாடுகளைக் கோட்டைக்குள் கொண்டுவர வேண்டும். மைசூர்க் குதிரைப்படை எங்கும் சுற்றித் திரிந்தது. இந்த உணவுத் தொடர்களுக்கு வழிகாட்டியும் காவலுமாய் நின்றவர் யூசுப் கான். எவ்வழியில் எப்போது செல்வது, எந்த ஊரில் மாடு கிடைக்கும், பகைவர் எங்கே பதுங்கியுள்ளனர் என்னும் செய்திகளை அவர் ஒற்றர் வழி அறிந்து வைத்திருந்தார். லாரன்ஸ் தம் குறிப்புகளில் இவருடைய உழைப்பையும் துணிவையும் மனமாரப் புகழ்ந்துள்ளார்.

இக்காலத்தில்தான் நாம் மேலே சுட்டிய சூழ்ச்சி நிகழ்ந்தது. லாரன்சுக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்தவர் பொன்னியப்பன் என்பவர். தளபதிக்கும் சிப்பாய்களுக்கும் இடையே நிற்பவரின் கையில்தான் அன்று அதிகாரம் இருந்தது. துபாசி சொன்னதே தளபதி கேட்டது. மொழி தெரிந்த சிப்பாய்த் தலைவர் ஒருவர் வளர்ந்தால் துபாசியின் மதிப்பு குறையுமன்றோ? நகரை மைசூராருக்குக் காட்டிக்கொடுக்க யூசுப் கான் உடன்பட்டதாகப் பொருள்படும் பொய்க் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்கும்படி செய்யப்பட்டது. யூசுப் கான் ஐயத்துக்கு ஆளானார். நல்லவேளையாக விசாரணை முறையாக நடந்தது. சூழ்ச்சியின் வேர் பொன்னியப்பனிடமே சென்று முடிந்தது. அவர் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். தண்டனையின் கொடுமையை நாம் போற்றவில்லை. ஆனால் ஓர் எளிய மனிதர் மேலேறும்போது அவருடைய நேர்மையின் மீதே முதற்கல் வீசப்படுகிறது என்பதை நம்முள் அலுவலகங்களில் பணிபுரிவோர் நன்கறிவர்.

1754இல் லாரன்சின் பரிந்துரையின்பேரில் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப் கான் தலைவராக்கப்பட்டார். அவருடைய வீரத்தையும் பற்றுறுதியையும் பாராட்டிப் பொற்பதக்கமும் வழங்கப்பட்டது. கம்மந்தான் என்ற பட்டப்பெயர் இப்பதவியால் வந்தது.

மறு ஆண்டு, நவாபின் தமையன் மாபூசு கானும் கர்னல் ஹீரானும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரிதண்டப் படையோடு வந்தபோது யூசுப் கானும் உடன் வந்தார். ஹீரானின் படையினர் மதுரைக்கருகிலுள்ள கோவில்குடியில் திருமேனிகளைக் கொள்ளையிட்டனர். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் மறித்துத் தாக்கித் தம் தெய்வங்களை மீட்டுக்கொண்டனர். ஹீரான் விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார். இச்சீமையின் மக்கள் பேராசைக்கும் அவமதிப்புக்கும் அடங்கமாட்டார்கள் என்பதை யூசுப் கான் அன்று கண்கூடாகக் கண்டிருக்க வேண்டும். பின்னாளில் இதே சீமையை ஆண்டபோது மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய வருவாயை அவர் மீண்டும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார் என்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். தெற்கே இருந்த யூசுப் கான் அழைக்கப்பட்டார். கோட்டைக்குள் நுழைந்து அடைபடுவதைவிட வெளியே திரிவதே நல்லது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சிப்பாய்களோடு குதிரைப்படையையும் நடத்திக்கொண்டு, கேப்டன் பிரஸ்டனுடன் செங்கற்பட்டுப் பக்கமாகச் சுற்றி, பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவையும் மருந்தையும் இடைமறித்தார். இன்று தாக்கிய இடத்தில் நாளை இருப்பதில்லை. திருச்சியில் மைசூர்க் குதிரைவீரர் தமக்கு இழைத்த தொல்லையை அவர் இப்போது பிரெஞ்சுக்காரருக்கு இழைத்தார் எனலாம். இவர்களைத் துரத்த லாலி தம் முற்றுகைப் படையிலிருந்தே ஆட்களைப் பிரித்தனுப்ப வேண்டியதாயிற்று. 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பறங்கிமலையில் பகல் முழுதும் கடும்போர் நடந்தது. சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் வந்துசேர, லாலி முற்றுகையைக் கைவிட்டார். அன்று சென்னை வீழ்ந்திருந்தால் இந்நாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கும். அதனைக் காத்தவர்களுள் ஒருவர் பனையூரில் பிறந்தவர்.

அதே 1759இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏவல் செய்தவர் நாடாளும் நிலைக்கு வந்தார்.

இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால் வாழும் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. நம் முன்னோர் வயலோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில். கோயிற்கதவு திறந்தது 1936ஆம் ஆண்டில். கணவாய்க்கு அப்பால் ஒரு நாள் நடை தூரத்தில், ஏவலராயிருந்த ஒருவர் ஆணையிட, பாளையக்காரர்கள் கைகட்டி நின்ற அதே காலத்தில், இப்பால் நம்மவர் பொதுவழியில் நடக்கவும் உரிமையற்றிருந்தனர். போர்க்காலக் குழப்பம் அங்கே சில கதவுகளைத் திறந்தது. இங்கே அமைதியும் ஒழுங்கும் எல்லாக் கதவுகளையும் இறுகப் பூட்டிவைத்தன. பழங்கால அமைதியைப் பற்றி மேடைகளில் பலர் உருகிப் பேசும்போது நமக்கு இது நினைவுக்கு வராமற்போவதில்லை.

பட்டாளம் என்னும் கதவின் வழியாகப் பின்னர் நம் மக்களும் நுழைந்தனர். சென்னைப் பட்டாளத்தில், சிறப்பாகச் சாப்பர் படைப்பிரிவில், பறையர் குலத்தார் பலர் பணிபுரிந்தனர். பம்பாய்ப் பட்டாளத்தில் மகர் குலத்தார் இருந்தனர். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி படையில் சுபேதாராகவும் படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அண்ணல் பிறந்ததே 1891இல் மாவ் என்னும் படைநகரில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குலத்தார் சிலரே என்று வெள்ளையர் ஒரு கொள்கை வகுத்து, மகர்களுக்கு அக்கதவை அடைத்தனர். தமிழ்நாட்டு வீரரும் அக்கொள்கையால் ஒதுக்கப்பட்டனர். ஆயினும் படைப்பள்ளியில் கற்ற எழுத்தை யாரும் திரும்பப் பெற முடியவில்லை.

மீண்டும் கான் சாகிபிடம் வருவோம். அவருடைய ஆட்சியைப் பற்றி அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து எழுதிய ஆங்கில அதிகாரிகளே, நீதி வழுவாதது என்றும் சொன்ன சொல் தவறாதது என்றும் போற்றியுள்ளனர். குளங்களும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன, நெசவாளர் ஆதரிக்கப்பட்டனர், வழிப்பறி அடக்கப்பட்டு வணிகர் அச்சமின்றிச் சென்றுவந்தனர். மதுரையில் கான்பாளையம், கான்சாமேட்டுத் தெரு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் இந்த ஒழுங்கு இனிய சொற்களால் மட்டும் வந்ததன்று. கள்ளர் நாட்டில் அவர் கடுந்தண்டனைகள் விதித்தார். எதிர்த்த பாளையக்காரரின் கோட்டைகளை இடித்தார்.

இவற்றுள் நம்மை நேரே தொடும் செய்தி ஒன்றுண்டு. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கும்பினிக்கும் நவாபுக்கும் வரிகொடுக்க மறுத்து நின்றவர். அவர் படையில் அருந்ததியர் குலத்து ஒண்டிவீரனும் தேவேந்திர குலத்து வெண்ணிக்காலாடியும் தளபதிகளாய் விளங்கினர் என்பது மக்கள் மரபு. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உள்ளது. 2022இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. வெண்ணிக்காலாடி கான் சாகிபின் படையோடு பொருது மாண்டார் என்றும், அவர் விழுந்த இடத்தில் பூலித்தேவர் நடுகல் நாட்டினார் என்றும் கூறுவர். களக்காட்டுப் பகுதி குறித்துத் திருவிதாங்கூர் மன்னரோடு உடன்பாடு செய்துகொண்ட கான் சாகிபு, 1759இன் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றுத் திரும்பினார். 1761இல் மீண்டும் வந்து கோட்டைகளைக் கைப்பற்றினார். எனவே ஏழ்மையிலிருந்து எழுந்த ஒருவரின் வாள் நம்மவரின் குருதியில் நனைந்தது. இதனை மறைத்து வரலாறு எழுதுவது தகாது. நாம் ஒண்டிவீரனையும் வெண்ணிக்காலாடியையும் வணங்குகிறோம். அதனால் கான் சாகிபின் திறமையை மறுக்கவில்லை. அவர் திறமையை வியக்கிறோம். அதனால் அவர் யாருக்காக அத்திறமையைச் செலவிட்டார் என்பதைக் கேட்காமல் விடவும் இல்லை.

அந்தக் கேள்வியை அவரே தம்மைக் கேட்டுக்கொண்ட காலமும் வந்தது. அவர் தண்டித் தந்த பணத்தால் நவாபின் கடன் அடைந்தது. கும்பினியின் படை நடந்தது. நவாபு முகம்மது அலிக்கோ அவர்மீது பொறாமையும் அச்சமும் வளர்ந்தன. யூசுப் கான் தம் பணியாளரே என்று கும்பினியை ஒப்புக்கொள்ளச் செய்தார். குத்தகையைப் புதுப்பித்துத் தருமாறு கான் சாகிபு கேட்டும் பயன் விளையவில்லை. 1762இல் களக்காடு தொடர்பாகத் திருவிதாங்கூரோடு போரும் மூண்டு, பின்னர்ச் சமாதானம் ஏற்பட்டது. கும்பினியைக் கேளாமல் போரும் சமாதானமும் செய்ததே அவருக்கெதிரான குற்றச்சாட்டுகளுள் ஒன்றாயிற்று. சென்னைக்கு வருமாறு ஆணை வந்தது. போனால் மீளமுடியாது என்பதை உணர்ந்து மறுத்தார். கும்பினியின் வேலைக்காரராய் இருந்தவர் தனியரசராக நிற்கத் துணிந்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக்கொடி ஏறியது. மார்ச்சந்து என்னும் பிரெஞ்சுத் தலைவர் சிறுபடையுடன் அவரோடு சேர்ந்தார். ஆனால் 1763இல் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டுவிட்டனர். உதவி வரும் வழி அடைபட்டுவிட்டது.

1763இல் மதுரை முற்றுகையிடப்பட்டது. மழைக்காலம் வரவே படை பின்வாங்கியது. 1764இல் மீண்டும் வளைத்தனர். ஜூன் 26ஆம் நாள் மேஜர் சார்லஸ் காம்பெல்லின் தலைமையில் கோட்டையின் மீது பெருந்தாக்குதல் நடந்தது. தாக்கியவர்கள் பேரிழப்போடு துரத்தப்பட்டனர். அவர்களுள் படுகாயமுற்று உயிர்நீத்தவர் மேஜர் பிரஸ்டன். பறங்கிமலையில் கான் சாகிபோடு தோள்சேர்ந்து நின்ற அதே பிரஸ்டன். கான் சாகிபு எதிர்த்து நின்றதும் அவரே பயிற்றுவித்த முறையில் போரிட்ட கும்பினிச் சிப்பாய்களை. இரு பக்கத்திலும் அவருடைய மாணாக்கர் இருந்தனர் என்று சொல்லலாம்.

வெல்லமுடியாத கோட்டையைப் பட்டினி வென்றது. உணவு வரும் வழிகள் யாவும் அடைக்கப்பட்டன. திருச்சியில் அரிசி மூட்டையின் அருமையை உலகுக்குக் காட்டியவரின் கோட்டையில் அரிசி இல்லை. பசியோடு ஐயமும் சினமும் சேர்ந்தன. வாக்குவாதத்தில் மார்ச்சந்தை அவர் சவுக்கால் அடித்தார் என்பர். எளிய நிலையிலிருந்து வந்தவர்க்குப் பிறர் அவமதிப்பின் வலி தெரிந்திருக்க வேண்டும். தம் கீழுள்ளோரை அவமதித்தது அவர் செய்த பெரும்பிழை என்றே நாம் கருதுகிறோம். 1764 அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவ், மார்ச்சந்து, மருத்துவர் பாபா சாகிபு ஆகியோரும் அவர்களைச் சார்ந்தோரும் அவர்மீது பாய்ந்து, அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினர். வெளியே வீரர் அறிந்து திரள்வதற்குள் அவர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார்.

ஆங்கிலேயர் அவரை நவாபிடம் கொடுத்தனர். நவாபின் பணியாளர் என்று முன்பு எழுதிவைத்த வரி இப்போது பயன்பட்டது. பொற்பதக்கம் வழங்கிய கும்பினி அவருக்கொரு விசாரணையும் வழங்கவில்லை. பொய்க் கடிதத்தை ஆராய்ந்து அவரைக் காத்த முறைமை, அவரால் ஆதாயம் இருந்த நாளில் மட்டுமே இருந்தது போலும். அக்டோபர் 15ஆம் நாள் மாலை மதுரைக்கு மேற்கேயுள்ள பாளையத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். கயிறு இருமுறை அறுந்தது என்றும், தொடையில் வைத்துத் தைத்திருந்த தாயத்தை எடுத்தபின்னரே உயிர் பிரிந்தது என்றும் மக்கள் கதை கட்டினர். எளிதில் சாகக்கூடியவரல்லர் என்று அவர்கள் நம்பியதையே அக்கதை காட்டுகிறது. அவருடைய போரைப் பாடும் கான்சாகிபு சண்டை என்னும் நெடுங்கதைப் பாடல் தென்பாண்டிச் சீமையில் வழங்கிவந்தது, பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார். எஸ். சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914இல் அவருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

மாசா என்று வழங்கிய போர்ச்சுகீசிய மரபுப் பெண்மணியை அவர் மணந்திருந்தார். தந்தை இறந்தபோது மகனுக்கு இரண்டு மூன்று வயதே இருக்கும். இறந்த உடலும் அச்சந் தந்தமையால் அதனைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்பது மரபு. தலை திருச்சிராப்பள்ளிக்கும், உறுப்புகள் பாளையங்கோட்டை, பெரியகுளம் முதலிய இடங்களுக்கும், ஒரு பகுதி நம் திருவிதாங்கூர்ப் பக்கத்துக்கும் சென்றன என்பர். எஞ்சிய உடல் தூக்கிலிட்ட இடத்தருகே சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1808இல் சேக் இமாம் என்பவர் அதன்மீது சிறியதொரு பள்ளிவாசல் எழுப்பினார்.